இரண்டு பேர் சேர்ந்து எடுக்கும் எலும்பு

அமைதி என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.

ஜப்பானிய நாவல்களை ஆங்கிலத்தில் படித்துவிட்டு வருகிற எல்லோர் வாயிலும் அந்தச் சொல்தான் முதலில் வருகிறது. அமைதியான எழுத்து. பனி விழுகிற மாதிரி எழுத்து. அக்கினி நட்சத்திரத்தில், கரண்ட் போன அறையில், முதுகில் துணி ஒட்டிக்கொண்டிருக்க, பனி விழுகிறதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கதைகளில் ஒரு மனைவி தேநீர்க் கிண்ணத்தைப் புருஷன் முன்னால் வைக்கிறாள். சத்தம் வராமல் வைக்கிறாள். சத்தம் வராமல் வைக்க எம்புட்டுக் கோபம் வேண்டும் என்று தெரியுமா? எங்கள் தெருவில் டம்ளரை ணங்கென்று வைப்போம். பாதிக் கோபம் அந்தச் சத்தத்தோடு போய்விடும். அவளுக்குப் போக வழியில்லை. விரல் நுனியில் நின்று எரிகிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆகா, என்ன அமைதி என்கிறார்கள்.

நான் அந்த நாவல்களை அந்த நெருப்புக்காகப் படித்தவள். இருபதுகளின் கடைசியில் தொடங்கியது, ஐம்பதைத் தொடப்போகிற இந்த வயதிலும் விடவில்லை.

அவை என்னிடம் வந்துசேர்ந்த பாதை தனி. மேலக்கோபுரத்தைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் தங்கும் வெள்ளைக்காரர்கள், ஊரை விட்டுக் கிளம்பும்போது படித்து முடித்ததை அறையிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். அது பழைய பேப்பரோடு பேப்பராக நெல்பேட்டைக் கடைக்கு வரும். கடைக்கார பாய் எனக்கென்று எடுத்து வைப்பார்.

"வாங்கம்மா. உங்க ஆளுக வந்துருக்காக" என்பார்.

அட்டையில் குடையோ, நாரையோ, முதுகு காட்டி நிற்கும் ஒரு பெண்ணோ இருந்தால் அது என் ஆள். பக்கங்களுக்கு நடுவே ராமேஸ்வரத்து மணல் இருக்கும், வெயிலுக்குப் பூசுகிற களிம்பின் வாசம் இருக்கும், எந்த நாட்டுடையதோ ஒரு ரயில் சீட்டு இருக்கும். ஜப்பானில் எழுதி, இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ பெயர்த்து, மதுரை லாட்ஜில் அனாதையாகி, பழைய பேப்பர் எடையில் என் கைக்கு வந்த புத்தகங்கள். அவற்றின் மேல் எனக்கு ஒரு சொந்தம் உண்டு. யாரும் கொடுத்த சொந்தம் இல்லை. கிடந்ததை எடுத்துக்கொண்டேன்.

ஆனால் அந்த ஆங்கிலத்தோடு எனக்கு ஓயாத சண்டை. மீன் விற்கிறவள் பேசினாலும், குடித்துவிட்டு வாய்க்காலில் கிடப்பவன் பேசினாலும், புருஷனைப் பறிகொடுத்தவள் பேசினாலும், எல்லோரும் ஓய்வுபெற்ற நீதிபதி மாதிரியே பேசுவார்கள். கடல் தாண்டுவதற்குள் எல்லோருக்கும் வாயை ஒரே அளவில் தைத்துவிடுகிறார்கள். கோரிப்பாளையத்தில், வெளிநாடு போகும் நர்ஸ் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேசச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவள் நான். மிச்ச நேரத்தில் உரைநடைக் கவிதை எழுதுகிறேன், யாரும் படிப்பதில்லை. ஒரு மொழி ஒருத்தியின் வாயை எப்படித் தைக்கும் என்று எனக்குத் தினமும் வகுப்பில் தெரியும். அதனால்தான் ஒரு நாவலையாவது தமிழுக்குக் கொண்டுவந்து தையலைப் பிரித்துவிட வேண்டும் என்று இறங்கினேன்.

நான் எடுத்தது யாரும் பெரிதாகப் பேசாத ஒரு நாவல். போர் முடிந்த பிறகான காலம். ஒரு சின்ன ஊர், ஒரு வீடு, ஒரு அக்கா, ஒரு தம்பி. அப்பா படுக்கையில். அக்காதான் பார்த்துக்கொள்கிறாள். வீட்டை என்ன செய்வது என்பதில் அக்காளுக்கும் தம்பிக்கும் பேச்சு நின்றுபோகிறது. நாவல் முழுக்க ஒரே கூரையின் கீழே நடந்துகொண்டே பேசாமல் இருக்கிறார்கள். அவன் வந்தால் அவள் எழுந்து போகிறாள். அவள் சமைத்ததை அவன் ஆறவிட்டுச் சாப்பிடுகிறான். கடைசி அத்தியாயத்தில் அப்பா செத்துப்போகிறார்.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எரித்து முடித்ததும் எலும்புகளைத் தட்டில் வைத்து உறவுகள் முன்னால் கொண்டுவருவார்கள். ஆணும் பெண்ணுமாகச் சுற்றி நிற்பார்கள். கையில் சாப்ஸ்டிக் குச்சிகள். ஒரே எலும்பை இரண்டு பேர் சேர்ந்து பிடித்துத் தூக்கி ஜாடிக்குள் வைக்க வேண்டும். முதலில் பாதத்து எலும்பு, கடைசியில் தலை. ஜாடிக்குள்ளே செத்தவர் தலைகீழாக நிற்கக் கூடாது, அதற்காக. இதனால்தான் சாப்பிடும்போது ஒருத்தர் குச்சியிலிருந்து இன்னொருத்தர் குச்சிக்கு எதையும் கொடுக்கவே மாட்டார்களாம். அந்தக் கைமாறல் சுடுகாட்டுக்கு மட்டும் உரியது.

நாவலில் அந்த அக்காளுக்கும் தம்பிக்கும் ஒரே எலும்பு வருகிறது. பேசாதவர்கள் சேர்ந்து தூக்குகிறார்கள். ஒருத்தர் கொஞ்சம் அவசரப்பட்டாலும் விழுந்துவிடும். விழவில்லை. அவ்வளவுதான், நாவல் முடிந்தது. சமாதானமாகிவிட்டார்கள் என்று ஒரு சொல் கிடையாது. அழுதார்கள் என்று கிடையாது.

அந்தக் கடைசி அத்தியாயத்துக்கு முந்தின அத்தியாயத்தில் நான் இருந்தபோதுதான் என் அப்பா இறந்தார்.

அப்பாவும் நானும் வண்டியூரில், தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் இருந்தோம். அம்மா எப்போதோ போய்விட்டாள். தம்பி விளாங்குடியில், குடும்பத்தோடு. அப்பா அலங்காநல்லூர் ரோட்டில் மொபெட்டிலிருந்து விழுந்து வலது கால் முறிந்து, முழங்காலுக்குக் கீழே ஸ்டீல் ராடு வைத்திருந்தார்கள். ராடு அவருக்கு அதற்குப் பிறகு நல்ல பிள்ளையாகவே நடந்துகொண்டது. மழை வருவதற்கு முந்தின நாள் மட்டும் குடையும். "ராடு பேசுதும்மா" என்பார். நான் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பேன். தோலுக்கு அடியில் திருகாணி தட்டுப்படும் இடம் எனக்கு விரலுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு தொடச் சொன்னாலும் தொடுவேன். அந்தக் கால் அவரோடதா என்னோடதா என்று எனக்கே குழம்பிப்போயிருந்த காலம் அது.

அவரைத் தூக்கும் நேரம் வந்தபோது நான் செருப்பை மாட்டினேன்.

"எங்க கெளம்பிட்ட?" என்றார் பெரியப்பா மகன், எங்களுக்கெல்லாம் மூத்தவர்.

"தத்தனேரிச் சுடுகாட்டுக்கு. நானும் வாரேன்."

"பொம்பளைக முக்கோட நிக்கணும்மா. தெரியாத மாதிரி பேசுற."

"மெட்ராஸ்ல எல்லாரும் போறாக அண்ணே."

"அது மெட்ராஸு. அங்க நாய்க்குக்கூடக் காரியம் பண்ணுவாய்ங்க."

யாரோ சிரித்தார்கள். சாவு வீட்டில் கிடைத்த ஒரு சிரிப்பை யாரும் விடுவதில்லை. நான் தம்பியைப் பார்த்தேன். ஈர வேட்டியோடு, மொட்டைத் தலையோடு, கொள்ளிச்சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"அக்கா, ப்ளீஸ்க்கா. எல்லாரும் பாக்குறாக" என்றான்.

முக்கு வரைக்கும் போனேன். எங்கள் தெரு முக்கில் தண்ணீர்க் கேன் கடை. நீலக் கேன்கள் அடுக்கியிருந்த சுவர் வரைக்கும் பெண்களுக்கு அனுமதி. அதற்கு அப்புறம் கொட்டுச் சத்தம் மட்டும் போனது, பூ உதிர்ந்து போனது, அப்பா போனார். அத்தை ஒருத்தி என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "திரும்பிப் பாக்கப்படாது" என்றாள். எரியப்போகிறவர் என் கண்ணுக்கு முன்னால் போகிறார், திரும்பிப் பார்க்கக் கூடாதாம். நான் பார்த்தேன். கேன் கடைக்காரன் ஒருத்தன்தான் தெரிந்தான், மரியாதைக்கு எழுந்து நின்றுகொண்டிருந்தான். அவன் ஆண்பிள்ளை. நினைத்திருந்தால் அவன் போயிருக்கலாம். என் அப்பா யாரென்றே தெரியாத அவன், வண்டியில் ஏறிப் போய், பக்கத்தில் நின்று, பார்த்துவிட்டு வந்திருக்கலாம்.

இப்போதெல்லாம் எலும்பு பொறுக்குகிற காடாத்துக்கு விடியும் வரை காத்திருக்க வேண்டாம். கேஸில் எரிக்கிறார்கள், கொஞ்ச நேரத்தில் சட்டியில் எலும்பும் சாம்பலும் கையில் வந்துவிடும். தம்பி அதை வாங்கி, அப்படியே திருப்புவனம் போய் வைகையில் கரைத்துவிட்டு வந்தான். வைகையில் தண்ணீர் எங்கே இருந்தது, எந்தக் குட்டையில் கரைத்தான், நான் கேட்கவில்லை. கேட்டால் என் வாயிலிருந்து வேறு என்னென்னவோ வரும் என்று தெரியும். அவனும் சொல்லவில்லை. அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு மெலிந்து, ஆமா, இல்ல, சரி என்ற மூன்று சொல்லில் வந்து நின்றது.

காரியம் முடிந்த மறுநாள் கடைசி அத்தியாயத்தை எடுத்தேன்.

நான் போக முடியாத இடத்துக்குள்ளே ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள், குச்சியோடு. அவளைத் தமிழில் அங்கே கொண்டுபோய் நிறுத்துவது ஒன்றுதான் என் கையில் இருந்தது. அதை மட்டும் யாரும் முக்கில் வைத்துத் திருப்பி அனுப்ப முடியாது என்று நம்பினேன்.

அந்த ஒரு பக்கத்துக்கு நான் பட்ட பாடு சொல்லி மாளாது. குச்சி என்று எழுதினால் வேப்பங்குச்சி ஞாபகம் வருகிறது. சாப்ஸ்டிக் என்றால் அண்ணாநகர் ஃபாஸ்ட்ஃபுட் கடை நூடுல்ஸ் ஞாபகம் வருகிறது. அப்பன் எலும்பின் பக்கத்தில் நூடுல்ஸ் வரலாமா? ஆங்கிலக்காரருக்கு அந்தக் கஷ்டம் இல்லை, நீதிபதிக் குரலில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கடைசியில் சாப்ஸ்டிக் என்றே எழுதினேன். சாப்பிடுகிற குச்சியால்தான் எடுக்கிறார்கள், தினமும் சோறு எடுத்த அதே பழக்கத்தில் கை அப்பாவை எடுக்கிறது, அந்த அதிர்ச்சி தமிழிலும் இருக்கட்டும் என்று விட்டேன். பிறகு இப்படி எழுதினேன்: "கணுக்கால் எலும்பு அவள் பக்கம் வந்தது. எதிரில் தம்பி. இருவரும் ஒரே எலும்பைப் பிடித்தார்கள். அவன் கை நடுங்கியது. அவள் தன் கையை அவன் நடுக்கத்துக்கு ஏற்றபடி மெதுவாக்கினாள்."

அதை எழுதி முடித்த மத்தியானம் மொட்டை மாடியில் போய் நின்றேன். தெப்பக்குளத்தில் தண்ணீர் விட்டிருந்தார்கள். நடு மண்டபம் தண்ணீரில் தலைகீழாக நின்றது. என் கை வலித்தது, எதையோ தூக்கிவிட்டு வந்த மாதிரி.

இனி பதிப்பாளர். மேலமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் அவர் அலுவலகம். நல்ல மனுஷர், அதுதான் பிரச்சினை. கெட்டவரோடு சண்டை போடுவது எளிது. அவருக்கு ஒரு கொள்கை. பிறமொழி நூல் எதுவாக இருந்தாலும் அதை "நம்ம ஊருக்குக் கொண்டாந்து எறக்கணும்" என்பார், ஏதோ வெங்காய மூட்டை மாதிரி. அச்சுக்குப் போவதற்கு முன்னால் கடைசியாக அவர் உட்கார்ந்து எல்லாப் புத்தகத்தையும் வாசிப்பார், கையில் பச்சைப் பேனாவோடு. முதல் சண்டை சூப்பில் ஆரம்பித்தது.

"மேடம், இந்த மிசோ சூப்புன்னா நம்ம ஆளுகளுக்கு என்ன வெளங்கும்? ரசம்னு போட்டுருவோம்."

"ரசம்னா அதுல புளி இருக்கும் அண்ணே. இவங்க வீட்ல புளி இல்ல."

"அப்ப பருப்புத் தண்ணின்னு போடுவோமா?"

"ஏண்ணே, ஊருக்குத் தெரியாத ஒரு வார்த்தை ஊருக்குள்ள வந்தா என்ன, தீட்டா?"

அவர் சிரித்துவிட்டுப் பேனாவை மூடினார். "சரி, உங்க சூப்ப நீங்களே குடிங்க" என்றார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு படி இறங்கினேன்.

வெளியீட்டு விழா தெற்கு வெளி வீதியில் ஒரு ஹாலில் நடந்தது. வாசலில் ஃபிளெக்ஸ். அதில் பூ மரத்தடியில் குடை பிடித்து நின்ற பெண் ஜப்பான்காரி இல்லை, சீனத்துப் படத்தில் வருகிறவள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. பரவாயில்லை என்று விட்டேன். கோபத்தைச் சேமித்து வைக்கத் தெரியாத முட்டாள் நான், அன்றைக்குப் பார்த்து நல்லபிள்ளையாக இருந்தேன். மிக்சரும் டீயும் கொடுத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். தம்பியும் வந்திருந்தான், இரண்டாவது வரிசையில், போனைப் பார்த்தபடி. பத்திரிகை கொடுக்கப் போனபோது "சரி" என்றிருந்தான். வருவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சிறப்புரைக்கு வந்தவர் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர். தமிழுக்கும் ஜப்பானுக்கும் உள்ள உறவைப் பற்றி விரிவாகப் பேசினார். அவர்களும் அரிசி, நாமும் அரிசி. அவர்களும் செருப்பை வாசலில் விடுகிறார்கள், நாமும் விடுகிறோம். கூட்டம் கைதட்டியது. பிறகு அவர் புத்தகத்தைத் திறந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சொன்னார்:

"எல்லாத்துக்கும் மேல, கடைசி அத்தியாயத்தப் பாருங்க. தகப்பன் எறந்துட்டான். ஆண்கள் மயானத்துக்குப் போறாங்க. மகள் வாசல்லயே நிக்கிறா. காத்துக்கிட்டு நிக்கிறா! நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரியே! எங்கயோ இருக்கிற ஜப்பான்லயும் பெண் சுடுகாட்டுக்குப் போறதில்ல. இதத்தான் நான் பண்பாட்டு ஒருமைன்னு சொல்றேன்."

கைதட்டல் இன்னும் பெரிதாக வந்தது.

எனக்கு முதலில் புரியவில்லை. மடியில் இருந்த புத்தகத்தைக் கடைசிப் பக்கத்துக்குத் திருப்பினேன். புது மையின் வாசம். "ஆண்கள் மயானத்துக்குச் சென்றனர். அவள் வாசலில் நின்று அவர்கள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தப்பாவும் தம்பியும் எலும்புகளைச் சேகரித்துத் திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது." முற்றும்.

என் குச்சி எங்கே? என் கணுக்கால் எங்கே? அந்த நடுக்கம் எங்கே? அவளையும் முக்கில் வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு கடல் தாண்டி, லாட்ஜ் தாண்டி, பழைய பேப்பர் கடை தாண்டி வந்தவளை, மேலமாசி வீதிக்குப் பின்னால் ஒரு பச்சைப் பேனா பிடித்து நிறுத்தி, வீட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டது. சொன்னதோடு விடவில்லை. அவள் தானாகவே நின்ற மாதிரி எழுதிவைத்து, அதற்குப் பண்பாடு என்று பெயரும் வைத்து, என் தோளில் ஒரு பொன்னாடையும் போர்த்திவிட்டது.

ஏற்புரைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மைக் என் உயரத்துக்கு மேலே இருந்தது. இறக்கவில்லை. அண்ணாந்து பேசினேன்.

"ஐயா இப்ப சொன்னது இந்த நாவல்ல கெடையாது. அந்தப் பொண்ணு வாசல்ல நிக்கல. உள்ள போனா. தம்பியும் அவளும் சேர்ந்து அவுங்க அப்பாவோட கணுக்கால் எலும்பத் தூக்குனாக. நான் அப்படித்தான் எழுதிக் குடுத்தேன். அச்சுல வேற வந்துருக்கு."

ஹாலில் மின்விசிறிச் சத்தம். நான் என் வரிகளை மனதிலிருந்து சொன்னேன். நடுக்கத்துக்கு ஏற்றபடி மெதுவாக்கினாள் என்ற இடத்தில் என் குரல் உடைந்தது. உடையக் கூடாது என்று நினைத்த இடத்தில்தான் உடையும். முடித்ததும் பின்வரிசையில் யாரோ ஒருத்தர், நன்றியுரை முடிந்துவிட்டது என்று நினைத்து எழுந்து தேசியகீதத்துக்கு நின்றார்.

பேராசிரியர் மைக்கைத் தன் பக்கம் இழுத்து, "மொழிபெயர்ப்பாளர் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க, பெண் மனசு" என்றார். அதற்கும் கைதட்டல். தம்பி போனைப் பையில் வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து போய்விட்டான்.

மாடிப்படியில் பதிப்பாளரைப் பிடித்தேன்.

"மேடம், கோவிச்சுக்கிறாதீக. மூணு வரிதான் மாத்துனேன்."

"எந்த மூணு வரிண்ணே? முந்நூறு பக்கமும் அந்த மூணு வரிக்காகத்தான் நடந்து வருது."

"ஒரு பொம்பளப் புள்ள, அப்பன் எலும்ப, நூடுல்ஸ் குச்சியில... நம்ம சனம் சிரிச்சுப்புடும் மேடம்."

"நீங்க சிரிச்சீகளா?"

அவர் கைப்பிடிச் சுவரைத் தேய்த்தார். "நான் சிரிக்கல. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. எனக்கும் ரெண்டு பொண்ணுதான்" என்றார். "அதுகள அங்க வச்சு நெனச்சுப் பாக்க முடியல."

"நெனச்சுப் பாக்கத்தாண்ணே புத்தகம்."

சண்டை அங்கேயே நின்றிருந்தால் அழுதிருப்பேன், அதனால் நிற்கவிடவில்லை. வரிகளை அச்சடித்த துண்டுச் சீட்டு வேண்டும், ஒவ்வொரு பிரதியிலும் அந்த இடத்தின் மேலேயே ஒட்ட வேண்டும், ஒட்டாத ஒரு பிரதிகூடக் கடைக்குப் போகக் கூடாது என்றேன்.

"சரி, பிழைத்திருத்தம்னு ஒரு துண்டு அடிச்சுத் தாரேன்."

"பிழைன்னு போடாதீக."

"பெறகு என்னன்னு போட?"

"ஒண்ணும் போட வேணாம். வரிய மட்டும் அடிங்க. அவ உள்ள போகட்டும்."

ஆட்டோவில் புத்தகக் கட்டுகள் வீட்டுக்கு வந்தன. கூடத்தில், அப்பாவின் கட்டில் கிடந்த இடத்தில் அடுக்கினேன். துண்டுகள் தனியே ஒரு கட்டு. பசை பாட்டிலை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். திறக்க வேண்டும், கடைசிப் பக்கம், பசை, துண்டு, உள்ளங்கையால் ஓர் அழுத்து. பொய்யின் மேலே உண்மையை ஒட்டுவதில் ஓர் அசிங்கம் இருக்கிறது, வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் இருப்பது தெரியும். தெரியட்டும். எங்கே நிறுத்தப் பார்த்தார்கள் என்பதும் தெரியட்டும்.

இரண்டாம் நாள் சாயங்காலம் தம்பி வந்தான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அன்னைக்கு மைக்குல நீ என்னையத்தான சொன்ன?"

"புத்தகத்தச் சொன்னேன்."

"சும்மா இரு. எல்லாரும் கேக்குறாக. அக்காவச் சுடுகாட்டுக்குக் கூட்டிட்டுப் போகலன்னு ஊர்க்கூட்டத்துல ஏசுனாளாமேங்கிறாக."

"ஊர்க்கூட்டமாடா அது? வந்தவகளே ஒரு வேனுக்குள்ள அடங்குவாக."

அவனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கினான். ஹெல்மெட்டைக் கழற்றி ஒரு துண்டை எடுத்தான். நின்றபடியே வாசித்தான். அவன் வேகமாக வாசிக்கிற ஆள் இல்லை, உதடு அசையும். ஒருமுறை வாசித்தான். திரும்பவும் முதலிலிருந்து வாசித்தான். நான் பசை தடவிக்கொண்டே இருந்தேன். பிறகு அவன் சுவரோரமாகக் கீழே உட்கார்ந்தான்.

"நான் தொடவே இல்லக்கா" என்றான்.

"எத?"

"அப்பாவ. எலும்ப. அங்க இருந்தவரு தட்டக் கொண்டாந்து வச்சாரு. ஒரு ரெண்டு எடுத்து வைங்க தம்பின்னாரு. என்னால பாக்க முடியல. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன். அவரே எடுத்துச் சட்டியில போட்டுத் துணியக் கட்டிக் குடுத்தாரு."

நான் அடுத்த புத்தகத்தை எடுத்தேன்.

"ராடு இருந்துச்சுக்கா" என்றான். "அது எரியல. கறுத்துப்போயி, அப்படியே நீட்டமாக் கெடந்துச்சு. திருகாணியெல்லாம் இருந்துச்சு. இத என்ன செய்யன்னு கேட்டாரு. எனக்கு ஒண்ணும் தோணல. வேணாம்னுட்டேன்."

வேணாம்.

என் விரலுக்குத் தெரிந்த திருகாணி. மழைக்கு முந்தின நாள் பேசுகிற ராடு. ஒத்தடம் கொடுத்து, கொடுத்து, நான் இருட்டிலும் தொடக் கற்றுக்கொண்டது. அது மட்டும் எரியாமல் எனக்காகக் கிடந்திருக்கிறது. போக உரிமை இருந்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். கண்ணை எடுக்காமல் பார்த்திருக்கக்கூடியவள் தண்ணீர்க் கேன் கடையில் நின்றாள். எந்த மூளை கெட்ட ஏற்பாடு இது? யாருக்கு இதில் லாபம்? எனக்கு இல்லை. சத்தியமாக அவனுக்கும் இல்லை, உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஒருத்தியைத் தடுத்து, ஒருத்தனைத் தள்ளி, கடைசியில் என் அப்பாவை யாரோ முன்பின் தெரியாத ஒரு மனுஷர் எடுத்து வைத்திருக்கிறார். அவராவது நல்லா இருக்கணும்.

கத்த வேண்டும் போல இருந்தது. பசை பாட்டிலைச் சுவரில் எறிய வேண்டும் போல இருந்தது. டம்ளராக இருந்தால் ணங்கென்று வைத்திருப்பேன். கையில் இருந்தது புத்தகம். மெதுவாகக் கீழே வைத்தேன், சத்தம் வராமல். வைத்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

"நீ வந்துருக்கலாம்க்கா" என்றான் அவன், தரையைப் பார்த்தபடி.

"நான் செருப்பு மாட்டிட்டு நின்னேன்டா."

அவன் தலையை ஆட்டினான். அதற்கு மேல் அவனிடம் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. என்னிடம் நிறைய இருந்தது, இன்றும் இருக்கிறது, இந்தப் பக்கங்களை எழுதும் இந்த நேரத்திலும் ஆறவில்லை. ஆற்றச் சொல்லி யாரும் வர வேண்டாம்.

கட்டுகளில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. பசையை அவன் பக்கம் தள்ளினேன். அவன் துண்டின் ஒரு முனையைப் பிடித்தான், மறு முனை என் விரலில். கோணலாகப் போனால் கீழே இருக்கும் வரி தெரிந்துவிடும். அவன் கை நடுங்கியது.

"மெதுவா வையி" என்றேன்.